ஒரு டிஸ்க் இரண்டான நாள்

அந்த வானொலி நிலையத்தில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வாசலில் கையெழுத்து வாங்கும் காவலாளி முதல், மாடியில் இருந்த இயக்குநர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவன், ஒலிக்களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மாவின் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளை, என் மெஷின் மறுபடியும் தூங்கிடுச்சு. கொஞ்சம் வந்து எழுப்பிவிடுங்க." ஒருகாலத்தில் செய்தி வாசித்த குரல். கட்டடம் முழுக்கக் கேட்டது. அன்றோடு அவன் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போதைய வயதுக்கு 'அவன்' பொருந்தும். இப்போது தலைமுடியைப் பார்த்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. போகட்டும், அவன் என்றே இருக்கட்டும்.

சர்வர் அறை என்று பெரிய பேராகச் சொன்னாலும் அது பழைய ஸ்டோர் ரூம்தான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஏ.சி. மாட்டியிருந்தார்கள். கோடையில் ஊரே வியர்த்து வழியும்போது மாப்பிள்ளை மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கு வருவான். அந்த அறையில் ஒரு சர்வர் இருந்தது. நாள் முழுக்க ஒலிபரப்பாகும் பதிவுசெய்த பாட்டும் பேச்சும் அதன் வழியாகத்தான் போயின; ஸ்டூடியோவில் நேரடியாகப் பேசுவதற்கு மட்டும் தனி வழி. ஆனால் பாட்டும் பேச்சும் அதற்குள் இல்லை. சுவரோரம் நின்ற வேறொரு பெட்டியில் இருந்தன. ஸ்டோரேஜ் என்று பெயர். பீரோ உயரம், யானை விலை. சர்வரையும் பீரோவையும் சேர்த்துவைத்தது ஒற்றை கேபிள்.

அந்தக் காலத்து அறையின் வாசனை இன்றைக்கும் மாப்பிள்ளையின் மூக்கில் இருக்கிறது. சூடான பிளாஸ்டிக்கும் குளிர்ந்த சிமெண்டும் கலந்த ஒரு வாசனை. பீரோவின் விசிறிகள் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும். சுருதி கொஞ்சம் மாறினாலும் அத்தைக்குத்தான் முதலில் தெரியும். "மாப்பிள்ளை, இன்னைக்கு உங்க பீரோவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் ஒரு விசிறி நின்றிருக்கும்.

அத்தை தன் முப்பது வருஷ உழைப்பை அந்தப் பீரோவுக்குள் வைத்திருந்தார். அவர் நடத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சாதாரண ஆட்களைப் பிடித்து உட்காரவைத்து அவர்கள் வேலையைப் பற்றிப் பேசவைப்பது. பேசுகிறவர்களின் மூச்சை வைத்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் டெலிபோன் ஆபரேட்டர். ஸ்டூடியோவிலும் கிணற்றுக்குள் இருப்பதுபோல் கத்தியே பேசிய கிணறு வெட்டுகிறவர். டிக்கெட் இல்லாமல் வந்தவரையே கல்யாணம் செய்துகொண்ட டிக்கெட் பரிசோதகர் அம்மா. அத்தனையும் சுருள் சுருளாக டேப்பில் இருந்தன. ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க அத்தைக்கு வருஷக்கணக்கானது. ஏற்றி முடித்த அடுத்த வாரமே இயக்குநர் டேப்புகளை லாரியில் ஏற்றிவிட்டார். அலமாரிகள் இருந்த இடத்தில் முக்கிய விருந்தினர் உட்கார சோபா வந்தது.

"இன்னொரு நகல் எடுத்து வெளியே வைக்கணும் சார்" என்று மாப்பிள்ளை கேட்டிருந்தான். கேட்ட காகிதம் இயக்குநர் மேஜையில் டீ கப்புக்கு அடியில் மிக உபயோகமாக இருந்துவந்தது.

இயக்குநருக்கு நிலையத்தில் வழங்கிய பெயர் மைக். அவர் ஒலிபரப்பில் பேசியதே இல்லை. அந்த ஏக்கத்தை மற்ற இடங்களில் தீர்த்துக்கொண்டார். கழிவறைக் குழாய் ரிப்பேர் என்று சொல்லப் போனால்கூட எழுந்து நின்று, எதிரே காற்றில் இல்லாத ஒன்றை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நண்பர்களே" என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் உதவி இயக்குநர் ஆமாஞ்சாமி நிற்பார். அவர் வேலை பெயரிலேயே இருக்கிறது.

ஒருநாள் எலி அந்த ஒற்றை கேபிளைக் கடித்தது. பாதிப் பாட்டில் நிலையம் ஊமையானது. இரண்டாவது கேபிள் வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு வருஷமாகச் சொல்லியும் நடக்காதது, எலி ஒரு கடி கடித்ததும் நடந்தது. நிர்வாகத்தில் எலிக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

கேபிள், கார்டு, ஸ்விட்ச் எல்லாம் வந்து இறங்கின. என்ன செய்யப்போகிறான் என்று அத்தை கேட்டார். மாப்பிள்ளை விளக்கினான்.

"சர்வர்லேர்ந்து பீரோவுக்கு இப்ப ஒரு வழிதான் அத்தை. இனிமே ரெண்டு. ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணுல போகலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு வழி போட்டா சர்வர் குழம்பிடும்."

"ஏன் குழம்பணும்?"

"முன்வாசல் வழியா வந்து உங்களைப் பார்க்குது. அப்புறம் பின்வாசல் வழியா வந்து மறுபடியும் உங்களைப் பார்க்குது. அதுக்கு நீங்க ஒரே ஆள்னு தெரியாது. ரெண்டு பேர்னு நினைச்சுக்கும். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிக்கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் போடணும். மல்ட்டிபாத்னு பேரு."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த மெஷினுக்கு நான் ரெண்டு மாமியாராத் தெரிவேன்."

"ஆமா அத்தை."

"பாவம். உங்களுக்கு ஒண்ணே தாங்கலை."

மாப்பிள்ளை சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜாக்கிரதையா பண்ணுங்க மாப்பிள்ளை. உங்க மாமா அதுக்குள்ளதான் இருக்கார்."

மாமாவை மாப்பிள்ளை பார்த்ததில்லை. அவன் வருவதற்கு முன்பே போய்விட்டார். அதே நிலையத்தில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் மைக்கைச் சோதிக்க "ஒண்ணு, ரெண்டு... ம், பேசும்மா" என்று அவர் சொல்வது பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அதை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. அத்தை ஒன்றையும் வெட்டவில்லை. "வீட்டில போட்டோ நிறைய இருக்கு. குரல் ஒண்ணு கிடையாது. அவருக்கு அடுத்தவங்க குரலைப் பதிவு பண்ணவே நேரம் சரியாப் போச்சு" என்றார்.

புதிய கேபிளுக்குத் திறப்பு விழா வைக்க மைக் முடிவு செய்தார். வாரியத் தலைவர் வருகிறார். ரிப்பன் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவர் அவர். கத்தரிக்கோலோடுதான் பிறந்தார் என்று எதிரிகள் சொல்வார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மைக் சர்வர் அறைக்கு வந்தார். முதல் வேலையாக, கேபிள் இரண்டும் நிலையச் சின்னத்தின் ஆரஞ்சு நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று தான் சொல்லியிருந்தது நடந்திருக்கிறதா என்று பார்த்தார். நடந்திருந்தது. எது எது என்று தெரிய மாப்பிள்ளை இரண்டிலும் வெள்ளைக் காகிதம் சுற்றி எழுதி வைத்திருந்தான்.

"இது என்ன, காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி? பிரிச்சு எடுங்க."

"ஆமா, அசிங்கமா இருக்கு" என்று ஆமாஞ்சாமி தன் கையாலேயே பிரித்து எடுத்தார்.

"ரெண்டையும் சொருகி வையுங்க. தலைவர் வரும்போது ரெண்டு பக்கமும் லைட் மினுக்கணும்."

"சார், முதல்ல சாஃப்ட்வேர் போடணும். அதுக்கு சர்வரை ஒருதரம் நிறுத்தி எழுப்பணும். கொஞ்சநேரம் ஒலிபரப்பு நிக்கும்."

"விழா முடியற வரைக்கும் ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. அதெல்லாம் அப்புறம். இப்ப சொருகுங்க."

மாப்பிள்ளை சொருகினான். லைட் மினுக்கியது. திரையில் அதுவரை ஒன்றாக இருந்த டிஸ்க்குக்குக் கீழே இன்னொன்று முளைத்தது. சர்வருக்கு அது யார் என்று புரியவில்லை. 'இது புது டிஸ்க் போலிருக்கிறது, ஃபார்மேட் செய்து தயாராக்கவா?' என்று பணிவாகக் கேட்டது.

மைக் குனிந்து பார்த்தார். "நேத்து எத்தனை இருந்தது?"

"ஒண்ணு சார். ஆனா—"

"இப்ப எத்தனை?"

"ரெண்டாத் தெரியுது சார். ஆனா அது நிஜத்துல—"

"காலியா இருக்கா?"

"காலின்னு நினைக்குது சார். அது அதே டிஸ்க்தான். பின்வாசல் வழியா வந்து—"

"நண்பர்களே" என்று மைக் காற்றைத் தட்டினார். மாப்பிள்ளையை விட்டால் கேட்க ஆமாஞ்சாமியும் பீரோவும்தான் இருந்தார்கள். "கேபிள் விலையில் இன்னொரு ஸ்டோரேஜ்! நம் சேமிப்பகம் இரட்டிப்பாகிவிட்டது!"

"ஆமா, ரெட்டிப்பு!"

தலைவருக்குப் போன் போயிற்று. கல்வெட்டுக்காரருக்கும் போன் போயிற்று. புது டிஸ்க்கைத் தலைவர் தம் பொற்கரத்தால் ஒரு பொத்தானை அழுத்தித் தயார் செய்து வைப்பார் என்று ஏற்பாடாயிற்று. எந்தப் பொத்தான் என்று கேட்டால், திரையில் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே பொத்தான். அதை அழுத்தினால் சர்வர் சொன்னபடி கேட்கும். பின்வாசல் வழியாகப் போய் வீட்டில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, புது வீடு தயார் என்று முன்வாசலில் வந்து நிற்கும்.

சாயங்காலம் மாப்பிள்ளை மாடிக்குப் போய் மறுபடியும் சொன்னான். முன்வாசல், பின்வாசல் எல்லாம் சொன்னான். மைக் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்ககிட்ட திறமை இருக்கு. ஆனா மனசு சின்னது. ரெண்டைப் பார்த்து ஒண்ணுன்னு சொல்றீங்க பாருங்க" என்றார். "தலைவர்கிட்ட சொல்லியாச்சு. கல்லுல வெட்டியாச்சு. கல்லுல இருக்கறதை நீங்க மாத்துவீங்களா?"

"கேபிளை இப்பவே கழட்டிடறேன் சார்."

"தொட்டா வேலை போயிடும்." சர்வர் அறைச் சாவியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மாப்பிள்ளை அத்தையிடம் மறைக்கவில்லை. அவன் மனைவிதான் முதலில் கத்தினாள். "அவன் யாரு எங்கப்பாவை அழிக்கறதுக்கு! நான் வந்து அந்த ஆளை நாலு கேள்வி கேக்கறேன்." அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "கேள்வி கேட்டா அவருக்குப் பிடிக்கும். எழுந்து நின்னு பதில் சொல்லுவார்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சர்வர் அறை வாசலில் ரிப்பன். தலைவர் வெட்டினார். அறை கொள்ளாத கூட்டம். மத்தியான அறிவிப்பாளர் பெண்கூட ஒரு நீளமான பாட்டைப் போட்டுவிட்டு, பிஸ்கட் தட்டோடு வந்து நின்றிருந்தாள். வராந்தா ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வாசலுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே வரவில்லை.

மாப்பிள்ளைக்கு பீரோவின் பின்பக்கம் இடம் கிடைத்தது. விளக்கம் கேட்டால் சொல்வதற்காக நிறுத்தியிருந்தார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணெதிரே இரண்டு கேபிள்கள். இரண்டும் ஆரஞ்சு. ஒன்றைப் பிடுங்கினால் புது டிஸ்க் திரையிலிருந்து மறைந்துவிடும். பொத்தானும் போய்விடும். ஆனால் எது அது? காகிதம் இருந்த இடத்தில் பசை மட்டும் மினுமினுத்தது, இரண்டிலும்.

மைக் பேசினார். சேமிப்பின் அருமை பற்றி, எறும்பு பற்றி, தேனீ பற்றி. தேனீயில் தலைவர் கண்ணயர்ந்தார். "இப்போது நம் தலைவர் அவர்கள்..." என்றதும் சட்டென்று விழித்துக்கொண்டு விரலை நீட்டினார். விழித்தவுடன் எதையாவது அழுத்துவது அவருக்குப் பழக்கம்.

மாப்பிள்ளை இடது பக்கத்துக் கேபிளைப் பிடுங்கினான்.

வராந்தாவில் பாட்டு நின்றது. பிடுங்கியது தப்பான கேபிள். உயிரோடு ஓடிக்கொண்டிருந்த வழியை அறுத்துவிட்டான். திரையில் பழைய டிஸ்க் மறைந்தது. 'புது' டிஸ்க் அப்படியே இருந்தது, பொத்தானோடு. நிலையம் ஊமையாகிவிட்டதைக் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. தலைவரின் விரல் மவுஸின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வலது கேபிளையும் பிடுங்கினான்.

தலைவர் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. துடைத்துவைத்த வெள்ளை.

"என்னய்யா, ரெண்டுன்னு சொன்னே. ஒண்ணுகூட இல்லையே?" என்றார் தலைவர்.

"ஆமா, ஒண்ணுகூட இல்லை" என்றார் ஆமாஞ்சாமி, பழக்கதோஷத்தில்.

மைக்குக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வார்த்தை வரவில்லை. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் இன்னொரு அமைதி கேட்டது. வராந்தா ஸ்பீக்கர் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க, கடைகளிலும் பஸ்களிலும் அடுப்படிகளிலும் இதே இரைச்சல். அறிவிப்பாளர் பெண் தட்டை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது.

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தான். சுவரில் சாய்ந்திருந்த இடம் காலி.

அத்தை ஒலிபரப்பில் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. கையில் எழுதிய காகிதம் இல்லை. பின்னணி இசை இல்லை. குரல் அவசரப்படவில்லை. யாரோ கதவைத் தட்ட, திறந்து உள்ளே வந்து உட்காரச் சொல்வதுபோல் இருந்தது. கூட்டத்தில் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். தலைவர் திரையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ஸ்பீக்கருக்குக் கீழே நின்று தலையை அண்ணாந்தார். மாப்பிள்ளைக்குப் பாதிதான் கேட்டது. பீரோவுக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒரே ஒரு கேபிளை மட்டும் சொருகி, சர்வரை நிறுத்தி எழுப்பி, டிஸ்க் பத்திரமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு டேப்பின் பதிவைத் திறந்து ஹெட்போனைக் காதில் வைத்தான். "ஒண்ணு, ரெண்டு... ம், பேசும்மா" என்றார் மாமா.

மாமா சொன்னது காதில் விழுந்த மாதிரி அத்தை வெளியே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

மைக் இதற்குள் மறுபடியும் மைக்காகிவிட்டார். "தலைவர் அவர்களே, இதுதான் ஒத்திகை. இயந்திரம் நின்றாலும் நிலையம் நிற்காது என்பதைக் காட்டத்தான்—"

"பிரமாதம்" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நான் ஒண்ணும் அழுத்தலையே?" மனம் நோகக்கூடாது என்று போகும் வழியில் புது காலிங்பெல் ஒன்றை அழுத்தவைத்து அனுப்பினார்கள். கேபிளைப் பிடுங்கியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும், ஒத்திகையை வெற்றிகரமாக நடத்தியதற்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் மாப்பிள்ளைக்கு ஒரே வாரத்தில் வந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அன்று மாலையே சாஃப்ட்வேரைப் போட்டு, முறைப்படி இரண்டு கேபிளையும் சொருகினான். திரையில் ஒரே டிஸ்க், அதற்கு இரண்டு வழி. மைக் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டார். "ஒண்ணாயிடுச்சு சார்" என்றான். பறிகொடுத்தவர்போல் நின்றுவிட்டு மாடியேறினார். 'இரட்டிப்புச் சேமிப்பகம்' என்ற கல்வெட்டு மட்டும் அந்த வாசலில் இன்றும் இருக்கிறது. அறைக்குள் இப்போது துடைப்பங்கள் இருக்கின்றன.

அப்புறம் மைக் ஓய்வு பெற்றார், வழியனுப்பு விழாவில் அவரே எல்லோரையும் விட அதிகம் பேசினார். பீரோ போய் வேறு பீரோ வந்தது. கிணறு வெட்டுகிறவரும் டிக்கெட் பரிசோதகர் அம்மாவும் மாமாவும் ஒரு குறையும் இல்லாமல் இடம் மாறினார்கள். வீட்டுக்கும் ஒரு நகல் வந்தது. அத்தை அன்று பேசியது மட்டும் எங்கும் இல்லை. ஒலிபரப்பைப் பதிவு செய்யும் கருவியும் அதே டிஸ்க்கில்தான் எழுதிக்கொண்டிருந்தது. டிஸ்க் போனதும் அதுவும் நின்றுவிட்டது, மறுபடி ஓடவிட அன்று யாருக்கும் தோன்றவில்லை; அத்தை பேசியது காற்றோடு போயிற்று.

அதனால்தான் இன்றும் வீட்டில் சண்டை. ஸ்டூடியோ ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தெருவைப் பற்றித்தான் அத்தை பேசினார் என்பது மாப்பிள்ளையின் கட்சி. குடைக்காரர் ஒருவர் வெயிலில் குடை விரிக்காமல் நடந்துபோவதாகச் சொன்னாராம். மனைவி அன்று வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்டவள். "குடையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அம்மா முழுக்க முழுக்க அப்பாவைப் பத்தித்தான் பேசினாங்க. நான் அழுதுக்கிட்டே கேட்டேன். நீங்க பீரோவுக்குப் பின்னாடி இருந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

போன ஞாயிற்றுக்கிழமை சண்டை அத்தையிடமே போயிற்று. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், குரலில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கட்சியையும் கேட்டுக்கொண்டார்.

"நான் நேரம் சொன்னேன்" என்றார்.

"நேரமா?"

"நேரம் சொன்னேன். அடுத்த பாட்டு வந்துக்கிட்டே இருக்குன்னு சொன்னேன். அது வரலை. மறுபடியும் நேரம் சொன்னேன். வேற என்ன சொல்றது? பயத்துல எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

"அம்மா, பொய் சொல்லாதே. அப்பாவைப் பத்திப் பேசினே."

"பேசியிருந்தாலும் பேசியிருப்பேன். நேரம் சொன்னது நிச்சயம்."

"கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லேம்மா. எப்படி ஆரம்பிச்சே?" மனைவி போனை எடுத்து, பதிவை ஓடவிட்டு, அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். மாப்பிள்ளையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அத்தை போனைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம், மூன்று மணி பத்து நிமிடம்."

அதே குரல். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் திருத்தவில்லை, மனைவி போனை அணைக்கவும் இல்லை.